ஒழுகும் இடம் ஒன்று, காரணம் வேறொன்று

பாய்மரப் படகு வைத்திருப்பவர்களோடு சற்று நேரம் அளவளாவிப் பார்த்தால், பாயின் வடிவத்தைப் பற்றியும் காற்றின் குணாதிசயங்களைப் பற்றியும் அவர்கள் விஸ்தாரமாகப் பேசுவார்களே ஒழிய, அதே படகில் ஏணிப்படிக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும் டீசல் யந்திரத்தைப் பற்றி வலிய ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். காற்றை மட்டுமே நம்பிப் பிரயாணம் செய்கிறோம் என்னும் கௌரவத்துக்கு அந்த யந்திரம் சிறிது பங்கம் விளைவிக்கிறது அல்லவா? ஆனால் எங்கள் படகு நிற்கும் இங்கிலாந்தின் தென்கரையில், பெருநிலத்துக்கும் வைட் தீவுக்கும் இடையே கிடக்கும் சோலண்ட் ஜலசந்தியில், யந்திரமின்றிக் காலம் தள்ளுவது எளிதல்ல. அதன் மேற்கு வாயிலாகிய ஹர்ஸ்ட் முனையில், பௌர்ணமி அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் 4 நாட் வேகத்தைத் தாண்டுகிறது. நல்ல காற்றிலேயே 5 நாட் வேகத்தில் போகும் ஒரு பழைய படகு, காற்று விழுந்துபோன மாலையில் அந்த நீரோட்டத்துக்கு எதிரே என்ன செய்ய முடியும்? ஆகவே யந்திரம் வேண்டும். யந்திரம் வேண்டுமென்றால் அதன் சக்தியை வெளியே கொண்டுபோக ஒரு ஷாஃப்ட் வேண்டும். ஷாஃப்ட் வேண்டுமென்றால், நீர் புகாமல் இருக்க வேண்டும் என்பதையே பிறவிப் பயனாகக் கொண்ட படகின் உடம்பில், அதுவும் நீர்மட்டத்துக்குக் கீழே, நாமே ஒரு துவாரம் போட வேண்டும்.

இந்தத் துவாரத்தின் சமாசாரம்தான் இன்று நான் எழுத எடுத்துக்கொண்டது. சென்ற குளிர்காலத்தில் எங்கள் படகின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் அதன் நீர்த்தடுப்பையும் மாற்றினோம். இதே வேலையை எதிர்நோக்கியிருப்பவர்களுக்கு இதனால் பிரயோஜனம் உண்டாகலாம். படகே இல்லாதவர்களுக்கும், ஒழுகும் இடத்தை அடைப்பதற்கும் ஒழுகலை நிறுத்துவதற்கும் உள்ள பேதம் விளங்கினால் நஷ்டமில்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். யந்திரத்தின் கியர்ப் பெட்டியிலிருந்து புறப்படும் ஷாஃப்ட், படகின் பின்பகுதியில் சாய்வாகப் பதித்த ஒரு குழாயின் வழியே கடலுக்குள் இறங்குகிறது. அக்குழாயின் வெளிமுனையில் ஷாஃப்ட்டைத் தாங்குவதற்கு ஒரு ரப்பர் பேரிங். அதற்கும் அப்பால் புரொப்பெல்லர். குழாயின் உள்முனையில், தடித்த ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றின் நுனியில், கடல்நீரை உள்ளே விடாமல் தடுக்கும் கிளாண்டு. நம் ஊர்க் கிணற்று மேட்டில் ஓடும் பழைய பம்ப்செட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை; அங்கே தண்டின் கழுத்தைச் சுற்றித் திணித்து நட்டை முடுக்கி வைக்கிறார்களே, அந்தக் கிளாண்டுக் கயிறுதான் இங்கும் கடலுக்கும் படகுக்கும் நடுவே காவல் நிற்கிறது. மெழுகோ கொழுப்போ ஏற்றிய சணல்நார்க் கயிற்றை வளையங்களாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் முனைகளையும் சாய்வாகச் சீவி, ஒன்றன் இணைப்பு அடுத்ததன் இணைப்புக்கு நேரே வராதபடி வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தள்ளி அடுக்கி, மேலிருந்து நட்டால் இறுக்குவது வழக்கம். யந்திரம் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். நின்ற பிறகு ஒன்றும் விழக்கூடாது. அந்த இரண்டு மூன்று சொட்டுதான் கயிற்றுக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருவது. சொட்டே விழக் கூடாது என்று பிடிவாதமாக இறுக்குகிறவர், கயிற்றைக் கருக்கி ஷாஃப்ட்டையும் தேய்த்துவிடுவார்.

பெரிய கப்பல்கள்கூட ஒரு காலத்தில் இந்த இடத்தில்தான் திண்டாடின. புரொப்பெல்லர்க் கப்பல்கள் பிரசித்தி பெறத் தொடங்கிய காலத்தில், பித்தளை பேரிங்குகள் கடல்நீரில் அதிவேகமாகத் தேய்ந்து போயின. கப்பலின் பின்புறம் ஒழுகத் தொடங்கி, நீண்ட பிரயாணமே சந்தேகத்துக்கு இடமாயிற்று. கிரீனிச்சில் தொழிற்சாலை வைத்திருந்த ஜான் பென் என்னும் யந்திர நிபுணர், 1850-களில், லிக்னம் வைட்டே என்ற கரீபிய மரத்தின் துண்டுகளை உள்ளே பதித்து, அவற்றின் இடுக்குகளில் கடல்நீரையே எண்ணெய்போல ஓடவிட்டு இந்தச் சங்கடத்தைத் தீர்த்தார். நீரில் இட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான, பிசின் நிறைந்த மரம் அது. இவருடைய கம்பெனி யந்திரம் பொருத்திய ‘வாரியர்’ என்னும் இரும்புப் போர்க்கப்பல் 1860-இல் நீரில் இறங்கியது. எங்கள் துறைக்குச் சமீபத்திலுள்ள போர்ட்ஸ்மவுத்தில் 1987 முதல் காட்சிப்பொருளாக நிற்கிறது. அந்தக் கப்பலுக்குப் பாயும் உண்டு, யந்திரமும் உண்டு. பாய் விரித்து ஓடும்போது புரொப்பெல்லர் நீரில் இழுபட்டு வேகத்தைக் குறைக்காதிருக்க, நூற்றுக்கணக்கான மாலுமிகள் சேர்ந்து அதைக் கயிறு பிடித்து மேலே தூக்கிவிடும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். பாயும் யந்திரமும் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்துவதன் சங்கடங்கள் எங்கள் சிறு படகோடு தொடங்கியவை அல்ல என்பதில் எனக்கு ஒரு திருப்தி. இன்று சிறு படகுகளில் அந்த மரத்தின் ஸ்தானத்தை, பித்தளை உறைக்குள் நெடுக வாய்க்கால் போட்ட ரப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீரையே எண்ணெயாகக் கொள்ளும் தத்துவம் மட்டும் மாறவில்லை.

எங்கள் படகு 1970-களில் கண்ணாடி இழையால் வார்க்கப்பட்டது. அதில் சரிபாதி உரிமை என் நண்பர் ஒருவருக்கு. எங்களுக்கு விற்ற முதியவர், படகோடு தம் கைப்பட எழுதிய பராமரிப்பு நோட்டுப் புத்தகம் ஒன்றையும் கொடுத்திருந்தார். எந்தெந்த வருஷம் எதை மாற்றினார் என்பதெல்லாம் அதில் ஒழுங்காகப் பதிந்திருக்கிறது. கிளாண்டு சொட்டுவது அதிகமாகி, படகின் அடிக்குழியில் தேங்கும் நீரைப் பம்ப் அடிக்கடி வெளியேற்றத் தொடங்கியபோது, நண்பர் கயிறு வாங்கி வருவதாகச் சொன்னார். நான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆரம்பத்தில் பல வருஷங்களுக்கு ஒரு முறை மாற்றப்பட்ட கயிறு, பிறகு வருஷத்துக்கு ஒரு முறையாகி, கடைசிப் பக்கங்களில் ஒரே பருவத்துக்குள் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டிருந்தது. நல்ல கயிறு இவ்வளவு சீக்கிரம் சாகாது. அதை ஏதோ ஒன்று கொன்றுகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

படகுத் துறையில் நெடுநாள் யந்திர வேலை செய்து நரைத்த ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் கிளாண்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஷாஃப்ட்டை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். பிறகு யந்திரத்தைத் தாங்கும் ரப்பர்ப் பாதங்களைக் கைவிளக்கால் பார்த்தார்.

“கயிறு ஒரு பாவமும் செய்யவில்லை. யந்திரம் உட்கார்ந்துவிட்டது, ஷாஃப்ட் கோணிவிட்டது. நீங்கள் கயிற்றை மாற்றிக்கொண்டே இருக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றார்.

விஷயம் இதுதான். டீசலும் எண்ணெயும் சொட்டிச் சொட்டி ரப்பர்ப் பாதங்கள் காலக்கிரமத்தில் மிருதுவாகி அமுங்குகின்றன. யந்திரம் சில மில்லிமீட்டர் தாழ்கிறது. நேர்கோடாக இருக்க வேண்டிய ஷாஃப்ட்டின் உள்முனை அதனோடு தாழ்கிறது. அதன் பயனாக வெளி பேரிங் ஒரு பக்கமாகத் தேய்கிறது. பேரிங் தேய்ந்த ஷாஃப்ட், தன் அச்சில் சுழல்வதை விட்டுச் சிறு வட்டமிட்டு ஆடுகிறது; அந்த ஆட்டம் கிளாண்டுக் கயிற்றைப் புடைத்துத் தளர்த்துகிறது. கயிறு தளர்ந்தால் சொட்டு அதிகமாகிறது. சொட்டைக் கண்ட மனிதன் நட்டை இறுக்குகிறான். கயிறு சூடேறி ஷாஃப்ட்டில் பள்ளம் பறிக்கிறது. பள்ளத்தின் வழியே நீர் இன்னும் தாராளமாக வருகிறது. நீர் கண்ணுக்குத் தெரிவது கிளாண்டில்; வியாதியின் மூலமோ அங்கிருந்து ஒரு கஜ தூரத்தில், யந்திரத்தின் காலடியில். முதியவர் குற்றம் செய்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படகை நீரிலிருந்து தூக்காமல் செய்யக்கூடிய சிகிச்சை அது ஒன்றுதான், அதை அவர் சிரத்தையோடு செய்திருக்கிறார்.

படகைத் தூக்காமல் முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்துச் சேற்றில் வெஸ்டர்லி சென்டார் வகைப் படகுகள் பல நிற்கின்றன. 1969 முதல் 1980 வரை 2,400-க்கு மேல் கட்டப்பட்ட இந்தப் படகுகளுக்கு அடியில் இரண்டு கீல்கள் இருப்பதால், ஓதம் வற்றும்போது அவை சாயாமல் நிற்கும். அவற்றின் சொந்தக்காரர்கள் இரண்டு ஓதங்களுக்கு நடுவே சேற்றில் இறங்கி, உலோக அரிப்பைத் தடுக்கும் துத்தநாகக் காப்புக் கட்டியை மாற்றிவிட்டு ஏறிக்கொள்வார்கள். ஆனால் ஷாஃப்ட் விஷயம் அப்படியல்ல. நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துவாரம் திறந்துகொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் நீர் உள்ளே வரும். துருவேறிய ஒரு போல்ட்டு கழல மறுத்தாலும் கடல் அதற்காகக் காத்திருக்காது. எனவே படகைக் கிரேனில் தூக்கிக் காங்கிரீட் தரையில் நிறுத்தினோம்.

முதலில் புரொப்பெல்லர். அது ஷாஃப்ட்டின் கூம்பிய முனையில் உட்கார்ந்து, ஒரு சிறு இரும்புக் கீயால் திரும்பாமல் பிடிக்கப்பட்டு, நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் இரண்டு மூன்று சுற்று தளர்த்தி விட்டுவிட வேண்டும்; ஏனென்றால் இழுப்பான் கருவியை முடுக்கும்போது புரொப்பெல்லர் வெடித்தாற்போல் விடுபடும், நட்டு இல்லையென்றால் அது போய் விழும் இடம் யாருடைய பாதமாகவும் இருக்கலாம். சுத்தியலால் அடிப்பதைக் கனவிலும் நினைக்கலாகாது. கழற்றியதும் அதன் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து நிறத்தைப் பார்த்தோம். மாங்கனீஸ் வெண்கலம் என்று பெயர் சொன்னாலும் அதில் கிட்டத்தட்ட 40 சதவிகிதம் துத்தநாகம்; காப்புக் கட்டி தேய்ந்துபோன படகில் கடல்நீர் அந்தத் துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, செம்பை மட்டும் பஞ்சுபோல விட்டுவிடும். அப்போது உலோகம் ரோஜா நிறம் காட்டும், தட்டினால் கணீரென்று ஒலிக்காது. எங்களுடையது மஞ்சளாகவே இருந்தது, கணீரென்றும் ஒலித்தது.

உள்ளே கப்ளிங்தான் எங்கள் பொறுமையைச் சோதித்தது. கியர்ப் பெட்டியின் தட்டோடு ஷாஃப்ட்டின் தட்டை இணைக்கும் போல்ட்டுகள் எப்படியோ வந்துவிட்டன. ஆனால் ஷாஃப்ட்டும் அதன் தட்டும் துருவால் ஒன்றாகிக் கிடந்தன. இதற்கு ஓர் உபாயம் உண்டு. இரு தட்டுகளுக்கும் நடுவே, ஷாஃப்ட்டின் முனையில் மட்டும் படும்படி, அதைவிடச் சற்றுச் சிறிய இரும்புத் துண்டு ஒன்றை வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இரு தட்டுகளையும் சமமாக, ஒவ்வொன்றையும் கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வந்தால், துண்டு ஷாஃப்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் பேரிங்கின்மேல் பளு ஏறாதபடி நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம். அவசரக்காரர்கள் அந்தத் தட்டையே அறுத்து எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது மேல்.

கழன்ற ஷாஃப்ட் வெளியே வர வழி வேண்டும் அல்லவா? எங்கள் படகில் நேர் பின்னால் சுக்கான் நிற்கிறது. சில கட்டுமானக்காரர்கள் முன்யோசனையோடு சுக்கானில் ஒரு துவாரம் விட்டிருப்பார்கள், சிலர் ஷாஃப்ட்டைச் சிறிது பக்கவாட்டில் சாய்த்திருப்பார்கள். எங்கள் படகைக் கட்டியவர்களோ இந்த ஷாஃப்ட் சிரஞ்சீவியாக இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். ஆகவே படகை மறுபடி கிரேனின் பட்டைகளில் தொங்கவிட்டு, சுக்கானைக் கீழிறக்கி, அதன் தண்டு முழுவதும் வெளிவரும் வரை உயர்த்திய பிறகுதான் ஷாஃப்ட் வெளிச்சத்தைக் கண்டது.

அதைத் துடைத்துப் பார்த்தபோது, யந்திரக்காரர் சொன்னதெல்லாம் அதன்மேலேயே எழுதியிருந்தது. கிளாண்டு இருந்த இடத்தில் நகத்தை வைத்தால் இடறும் பள்ளங்கள். பேரிங் இருந்த இடத்தில் ஒரு பக்கத் தேய்மானம். குழாய்க்குள் மறைந்திருந்த பகுதியில் ஊசியால் குத்தினாற்போன்ற குழிகள். ஷாஃப்ட் எவர்சில்வர் ஆயிற்றே, அதற்குத் துரு ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த எஃகில் குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் உண்டு. அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக உலோகத்தைப் போர்த்திக் காப்பாற்றுகிறது. கீறல் விழுந்தாலும் ஆக்ஸிஜன் கிடைக்கும் வரை படலம் தானே வளர்ந்துகொள்ளும். ஆனால் குழாய்க்குள்ளும் கயிற்றுக்கடியிலும், படகு ஓடாமல் வாரக்கணக்கில் நிற்கும்போது, நீர் தேங்கி ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது. போர்வை கிழிந்த இடத்தில் உப்பு நீர் குடைந்து இறங்குகிறது. எனவே இந்த ஷாஃப்ட்டைக் கெடுத்ததில், ஓடிய காலத்தின் கோணலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு ஓடாமல் நின்ற காலத்துக்கும் உண்டு. மாதத்துக்கு ஒரு முறையாவது யந்திரத்தை ஓட்டி ஷாஃப்ட்டைச் சுழலவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

புதிய ஷாஃப்ட்டுக்கு 316 என்னும் ரகத்தைத் தேர்ந்தோம். அதில் இரண்டு மூன்று சதவிகிதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு நீரின் குடைச்சலை முன்னதைவிட நன்றாகத் தாங்கும். லேத் பட்டறைக்கு அளவை எழுதி அனுப்புவதைவிட, பழைய ஷாஃப்ட், புரொப்பெல்லர், கப்ளிங் மூன்றையும் நேரே கொண்டுபோய்க் கொடுப்பது உத்தமம். ஏனென்றால் முனைக் கூம்பின் சரிவு தேசத்துக்குத் தேசம் வேறு. பழைய பிரிட்டிஷ் படகுகளில் 12-க்கு 1, ஐரோப்பியப் படகுகளில் 10-க்கு 1, அமெரிக்கப் படகுகளில் 16-க்கு 1 என்பது பொது வழக்கம். கூம்பு பொருந்தாத புரொப்பெல்லர், பளு முழுவதையும் கீயின் தலையில் ஏற்றி ஒரு நாள் அதை உடைத்துவிடும். பட்டறைக்காரர் வால்வு தேய்க்கும் பசையைத் தடவிப் புரொப்பெல்லரைக் கூம்பின்மேல் முன்னும் பின்னும் திருப்பி, இரண்டும் முழுப் பரப்பிலும் தொடும்வரை இழைத்தார். பிறகு கப்ளிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றி, அப்படியே லேத்தில் வைத்து அதன் முகத்தைச் சீவினார். தனியே பார்த்தால் செம்மையாக இருக்கும் தட்டு, ஷாஃப்ட்டில் ஏறியதும் ஒரு மயிரிழை கோணலாக நிற்கக்கூடும். அந்த மயிரிழைதான் பிறகு படகு முழுவதையும் நடுங்கச் செய்வது.

பழைய ரப்பர் பேரிங்கை எடுக்க, ரம்பத் தகட்டை உள்ளே விட்டு அதன் பித்தளை உறையை மட்டும் நெடுக இரண்டு இடத்தில் அறுத்து, சுருக்கி உருவினோம். ஆழம் தெரியாமல் அறுத்தால் குழாயும் சேர்ந்து அறுபடும். கை கூசும் வேலை. ஒரு அங்குல ஷாஃப்ட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டம் கண்டாலே பேரிங்கை மாற்ற வேண்டும் என்பது நடைமுறை; எங்களுடையது அதை எப்போதோ தாண்டியிருந்தது.

இனி நீர்த்தடுப்பு. இதில்தான் எனக்கும் நண்பருக்கும் அபிப்பிராய பேதம். அவர் சொட்டே விழாத நவீன வகைகளை விரும்பினார். ஷாஃப்ட்டோடு சுழலும் எஃகு வளையத்தின் முகத்தில், ரப்பர்த் துருத்தியின் அழுத்தத்தால் ஒரு கார்பன் வளையம் ஒட்டி நிற்கும் வகை ஒன்று. உதடு வைத்த ரப்பர் உறை ஷாஃப்ட்டைக் கவ்வி நிற்கும் வகை மற்றொன்று. இரண்டும் அடிக்குழியை உலர்ந்தபடி வைத்திருக்கும், அன்றாடக் கவனிப்பும் கேட்பதில்லை. ஆனால் படகை நீரில் இறக்கும்போதெல்லாம் உள்ளே சிக்கிய காற்றை விரலால் அமுக்கி வெளியேற்ற வேண்டும், காலக்கெடு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். நான் பழைய கிளாண்டின் பக்கம் நின்றேன். என் வாதம் இது: துருத்தி கெட்டால் ஒரே நாளில் கிழியும், கயிறு கெட்டால் மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிக் கெடும். இந்தப் படகின் கோணலை எங்களுக்கு அறிவித்ததே அந்தச் சொட்டுத்தானே? கரை மின்சாரமின்றி, ஆளின்றி, மிதவையில் வாரக்கணக்கில் நிற்கும் எங்கள் படகுக்குப் படிப்படியாக எச்சரிக்கும் காவலாளியே ஏற்றவன் என்பதை நண்பர் கடைசியில் ஒப்புக்கொண்டார். கிளாண்டின் வெண்கல உடலை வைத்துக்கொண்டு, டெஃப்லான் ஏற்றிய புதுக் கயிறும், புதிய ரப்பர்க் குழாயும், இரு முனையிலும் இரட்டைக் கிளிப்புகளும் போட்டோம். துறைமுக மேடையில் மின்சாரத்தோடு நிற்கும் படகாக இருந்தால் அவர் கட்சிக்கே நான் வாக்களித்திருப்பேன்.

ரப்பர்ப் பாதங்கள் நான்கையும் மாற்றினோம் என்று சொல்லத் தேவையில்லை. நேர்கோடு பார்ப்பதை மட்டும் தரையில் வைத்து முடித்துவிடக் கூடாது. கீலின்மேல் நிற்கும் படகின் உடல் ஒரு வடிவம், நீர் தாங்கும்போது வேறொரு வடிவம். இறக்கி ஓரிரு நாள் மிதக்கவிட்ட பிறகு, கப்ளிங்கின் இரு முகங்களையும் தொடும் தூரத்துக்குக் கொண்டுவந்து, இடைவெளியை மேலும் கீழும் வலமும் இடமும் ஃபீலர் கேஜால் அளந்தோம். தட்டின் விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் வரைதான் வித்தியாசம் இருக்கலாம். நான்கு அங்குலத் தட்டுக்கு அது 0.1 மில்லிமீட்டர். ஒரு பாதத்தின் நட்டைக் கால் சுற்று திருப்பினால் எதிர் மூலையின் கணக்கு மாறும். மேல்கீழ் சரியானால் இடவலம் கோபித்துக்கொள்ளும். யந்திரக்காரர் இதற்கென்றே ஒரு முழு மாலையை ஒதுக்கியிருந்தார். ஷாஃப்ட் செய்ததற்குப் பட்டறைக்காரர் வாங்கிய கூலியைவிட இந்த மாலைக்கு இவர் வாங்கிய கூலிதான் நியாயமானது என்று எனக்குத் தோன்றிற்று. கடைசியாக, கப்ளிங் விட்டுவிட்டாலும் ஷாஃப்ட் குழாயை விட்டு நழுவிப் போகாதபடி, கிளாண்டுக்கு முன்னால் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு துத்தநாகக் காப்பையும் பூட்டினார்.

இப்போது யந்திரம் அரை மணி ஓடிய பிறகும் கிளாண்டின்மேல் கையை வைத்துக்கொண்டிருக்க முடிகிறது; சொட்டும் கணக்காக விழுகிறது.

இந்த வேலையை நாமே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் யோசனை: கழற்றுவது, துடைப்பது, கயிறு அடுக்குவது எல்லாம் நாமே செய்யலாம், லேத்தையும் நேர்கோட்டையும் அறிந்தவர் கையில் விட்டுவிடுங்கள். பணம் குறைவாக இருந்தால் நீர்த்தடுப்பில் சிக்கனம் செய்யுங்கள், பாதங்களிலும் பேரிங்கிலும் செய்யாதீர்கள். கோணலான ஷாஃப்ட்டில் எவ்வளவு உயர்ந்த நீர்த்தடுப்பைப் போட்டாலும் அது சீக்கிரமே பழைய கயிற்றின் கதியை அடையும். எல்லாவற்றுக்கும் முன்னால், கிளாண்டுக் கயிறு வாங்கக் கடைக்குப் புறப்படுவதற்குள், ஷாஃப்ட்டை இரு கைகளாலும் பிடித்து ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் கடைக்குப் போக வேண்டாம், படகைத் தூக்கக் கிரேனுக்கு நாள் குறியுங்கள்.